மகரக்கட்டுக்குப் பிறகு

மிசௌரி ஆற்றுப் பாலத்தில் கார் ஏறியதும் எதிர்வீட்டு அம்மா ரேடியோவை அணைத்தார். "ஆற்றுக்கு அந்தப் பக்கம் அயோவா. பாடிக்கொண்டே வாருங்கள், தொண்டை கொஞ்சம் சூடேறட்டும்" என்றார். எனக்குப் பாட வரவில்லை. கீழே ஆறு கலங்கி, வைகையில் எப்போதாவது வருகிற புதுவெள்ளத்தின் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒமாஹா நகரம் முடிகிற இடத்திலேயே நெப்ராஸ்கா மாநிலமும் முடிந்துவிடுகிறது. என் மடியில் ஒரு கறுப்பு ஃபைல். அதற்குள் இரண்டு தாள் இசைக்குறிப்பு. அதிலிருந்த புள்ளியும் வாலும் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தன.

வயது 61. முப்பத்து நான்கு வருடம் வங்கியில் அடுத்தவர் பணத்தை எண்ணியவன். மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று மனைவியோடு ஏப்ரலில் ஒமாஹா வந்திறங்கியவன். இப்போது முன்பின் தெரியாத ஒரு ஊரில், மியூசிக்கல் நாடகம் ஒன்றுக்கு ஆடிஷன் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

வினை நடைப்பயிற்சியில் தொடங்கியது. எதிர்வீட்டு அம்மா பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் எங்களோடு நடக்க வருவார். நான் ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டு வந்ததைக் கேட்டிருக்கிறார். ஆற்றுக்கு அப்பால் அவர் நடிக்கும் நாடகக் குழு ஜூலையில் 'தி மியூசிக் மேன்' போடுகிறது, ஆண்கள் போதவில்லை, நீங்கள் வாருங்களேன் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் பேச்சு அதுதான். "ஏங்க, இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா? ஆடத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மனைவி. "சும்மா போயிட்டு வாங்கப்பா, என்ன ஆயிரப்போகுது" என்றாள் மகள். மருமகன் மட்டும் விசாவைப் பற்றிக் கவலைப்பட்டார். தேடிப் பார்த்ததில், சம்பளம் வாங்காமல் அமெச்சூராக இசை, விளையாட்டு நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள சுற்றுலா விசாவிலேயே இடமிருக்கிறது என்று தெரிந்தது. அமெரிக்க அரசாங்கம் அனுமதித்துவிட்டது. வீட்டில்தான் அனுமதி கிடைக்க இரண்டு நாள் ஆனது.

எனக்கே உள்ளூர ஒரு கணக்கு பாக்கியிருந்தது. பதினாலு வயதில், தேனிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், வள்ளி திருமணத்தில் நான் நாரதர். ஒத்திகை வரை குரல் கம்பி மாதிரி நின்றது. மேடையில் முதல் பாட்டின் இரண்டாம் அடியில் உடைந்தது. உடைந்ததென்றால், ஒரு பக்கம் கீச்சென்றும் மறுபக்கம் தவளை மாதிரியும் இரண்டாகப் பிளந்துகொண்டது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வாத்தியார் மைக்கை என் கையிலிருந்து வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தார். நாடகக்காரர்கள் இதற்கு மகரக்கட்டு என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பால சபைகளில் ராஜபார்ட்டாகக் கொடிகட்டிப் பறந்த சிறுவர்களெல்லாம் குரல் உடைகிற வயதில் திடீரென்று வேலையில்லாமல் நின்றிருக்கிறார்கள். பி. யு. சின்னப்பாவுக்கே அந்தக் கண்டம் வந்திருக்கிறது. அவர் தாண்டினார். நான் பேங்க் பரீட்சை எழுதினேன்.

நம் ஊர்க் கணக்கே அதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் பொடியன்கள். சிவாஜி கணேசன் பையனாகவே நாடகக் கம்பெனிக்குப் போனவர். பாட்டா, பரதமா, மிருதங்கமா, ஐந்து வயதில் உட்கார வைத்தால்தான் உண்டு. பத்து வயதைத் தாண்டினால் 'இனிமே எங்க' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பெரியவர்களுக்கென்று ஒரு வழி இருக்கத்தான் செய்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் பகலில் வக்கீலாகவும் உத்தியோகஸ்தராகவும் இருந்தவர்கள். அரசியல் தலைவர் சத்தியமூர்த்திகூட அங்கே வேடம் கட்டியிருக்கிறார். ஆனால் அந்தச் சபைக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு பட்டப் படிப்பும் ஒரு கோட்டும் வேண்டியிருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். தேனிப் பக்கத்துப் பையனுக்கு அது எட்டாத தூரம்.

ஆடிஷனுக்கு ஒரு வாரம் முன்னால் எதிர்வீட்டு அம்மா என்னை ஒமாஹாவின் காஸ் தெருவுக்கு அழைத்துப் போனார். அங்கேதான் ஒமாஹா கம்யூனிட்டி பிளேஹவுஸ் இருக்கிறது. சங்கம் தொடங்கியது 1924-இல். இப்போதைய இடத்துக்கு வந்தது 1959-இல். 1975 மே மாதம் நகரத்தைக் கிழித்துக்கொண்டு போன சூறாவளி இந்தக் கட்டடத்தையும் விட்டுவைக்கவில்லை. திரும்பக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். மேடையில் நிற்பவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்ல, ஊர்க்காரர்கள். பல் டாக்டர், மளிகைக்கடை மேனேஜர், தபால்காரர் என்று பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் என்றார் அந்த அம்மா. தொடங்கிய காலத்தில் அமெரிக்கா முழுக்க 'சின்ன அரங்கு' என்றொரு அலை வீசிக்கொண்டிருந்தது. நியூயார்க்கிலிருந்து வரும் நாடகத்துக்குக் காத்திருப்பானேன், நாமே போடுவோம் என்று ஊருக்கு ஊர் கிளம்பினார்கள். அந்த அலையில் வந்த அரங்கு இது.

அவர் என்னை அங்கே கூட்டிப்போனது கட்டடத்தைக் காட்ட இல்லை, ஒரு கதை சொல்ல. 1925-இல் ஒமாஹாவில் இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். கூச்ச சுபாவம். நான்கு பேருக்கு நடுவில் வாய் திறக்க மாட்டான். அவன் அம்மாவின் சிநேகிதி ஒருத்திக்கு பிளேஹவுஸில் ஈடுபாடு அதிகம். பிலிப் பாரி எழுதிய 'யூ அண்ட் ஐ' நாடகத்தில் இளைஞன் வேடத்துக்கு ஆள் இல்லை. வந்து வாசித்துப் பார் என்று அவனைக் கூப்பிட்டாள். மாட்டேன் என்று சொல்வதற்கும் கூச்சம். போனான். அவன் பெயர் ஹென்றி ஃபோண்டா. கூப்பிட்டவள் டோடி பிராண்டோ. அவள் வீட்டில் அப்போது ஒரு வயதுக் குழந்தை ஒன்று தவழ்ந்துகொண்டிருந்தது. அதன் பெயர் மார்லன்.

"கூச்சம் அதிகமானதால்தான் ஃபோண்டாவால் மறுக்க முடியவில்லை. நீங்களும் அப்படித்தானே?" என்றார் எதிர்வீட்டு அம்மா. பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

எந்தப் பாட்டுப் பாடுவது என்பதில் மூன்று நாள் போயிற்று. பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, பாடினால் போதும் என்பது ஆடிஷன் வழக்கம். அரை நிமிடம், மிஞ்சினால் முக்கால் நிமிடம். தமிழ்ப் பாட்டுப் பாடலாமா என்றேன். பாடலாம், ஆனால் பியானோ வாசிப்பவருக்கு நொட்டேஷன் வேண்டும் என்றார். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் வரும் 'எடல்வைஸ்' என்று முடிவாயிற்று. அதை ஆஸ்திரிய நாட்டுப்புறப் பாட்டு என்றே பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது 1959-இல் அந்த நாடகத்துக்காகவே பிறந்தது. ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் கடைசியாக எழுதிய பாட்டு. கேட்க எளிது. பாடிப் பார்த்தபோது புரிந்தது: காந்தாரத்தில் தொடங்கி, பஞ்சமத்தைத் தொட்டு, மூன்றாவது ஸ்வரத்திலேயே மேல் ரிஷபத்துக்குத் தாவ வேண்டும். மாடிப்படியில் மூன்றாவது அடிக்கே மொட்டைமாடி வந்துவிட்ட மாதிரி. போனில் தம்புராவை ஒன்றரைக் கட்டையில் ஓடவிட்டு, சங்கராபரணம் என்று மனதில் வைத்துக்கொண்டு, திச்ர நடையில் தொடையைத் தட்டிப் பழகினேன். பேத்தி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆற்றைத் தாண்டியதும் லோயஸ் குன்றுகள். பனியுகத்தின் கடைசியில் காற்று அள்ளிவந்து குவித்த வண்டல் மண் என்கிறார்கள். தாண்டினால் விதைத்து முளைவிட்ட சோளக்காடு, மக்காச்சோளம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே வரிசை. ஊர் சின்னது. பெயரைச் சொன்னால் அங்கிருப்பவர்களைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அரங்கு ஒரு பழைய தேவாலயம். பெஞ்சுகள்தான் இருக்கைகள். பலிபீடம் இருந்த இடத்தில் மேடை.

வாசலில் படிவம் கொடுத்தார்கள். கடன் விண்ணப்பம் எத்தனையோ பார்த்தவன் நான். இப்படி ஒரு படிவம் பார்த்ததில்லை. உயரம், இடுப்புச் சுற்றளவு, சட்டை அளவு. நடன அனுபவம். பாட்டு அனுபவம். நடிப்பு அனுபவம். மூன்றிலும் கோடு போட்டேன். நாரதர் ஞாபகம் வந்தது, எழுதவில்லை. எந்த வேடம் கொடுத்தாலும் ஏற்பீர்களா? ஆம். முடியை வெட்டிக்கொள்ள, மீசையை எடுக்கச் சம்மதமா? இங்கே பேனா நின்றது. நாற்பது வருஷத்து மீசை. 'இல்லை' என்று எழுதி, அடித்து, 'ஆம்' என்று எழுதி, அதையும் அடித்து, 'பேசலாம்' என்று எழுதினேன்.

பின்பக்கம் முழுக்கக் காலண்டர். எட்டு வாரம், வாரம் நான்கு மாலை ஒத்திகை. வர முடியாத நாட்களைக் குறிக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மா காதருகே சொன்னார்: "டைரக்டர் முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். நல்ல குரல் இருந்தும் இந்தப் பக்கத்தில் விழுந்தவர்கள் நிறைய." ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை? பேத்தியின் பிறந்தநாள் ஒன்றை மட்டும் குறித்தேன். அந்தச் சபையிலேயே என் காலண்டர்தான் சுத்தமானது என்று பிறகு தெரிந்தது. என் தகுதிப் பட்டியலில் அதுதான் முதல் என்று இன்றும் நம்புகிறேன்.

பெஞ்சுகளில் எண்ணிப் பார்த்தேன். 41 பேர். ஆண்கள் 9. அதிலும் மூன்று பேர் மீசை முளைக்காத பையன்கள். எதிர்வீட்டு அம்மா பொய் சொல்லவில்லை. சமூக நாடக அரங்குகளில் ஆண்களுக்கு எப்போதும் பஞ்சம் என்பது இங்கே எல்லோரும் அறிந்த சங்கதி. ஒரு பெண் வேடத்துக்குப் பத்துப் பெண்கள் வரிசையில் நிற்க, ஆண் வேடங்களுக்கு அண்ணனையும் மாமனையும் கெஞ்சி இழுத்துவர வேண்டியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் மேடையில் நூறு வருஷத்துக்கு முன்னால் பெண் வேடத்துக்குப் பெண் கிடைக்கவில்லை, பையன்களுக்குச் சேலை கட்டி ஸ்திரீபார்ட் ஆக்கினார்கள். இங்கே ஆம்பளை வேடத்துக்கு ஆம்பளை கிடைக்கவில்லை. வெட்கம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மேடை காலியாகிறது.

எனக்கு முன்னால் பாடிய பெண் உள்ளூர் செவிலியராம். இரவுப் பணி முடித்து, பச்சைச் சீருடையோடு வந்திருந்தார். அவர் பாடியது எனக்குப் பெரிதாக ரசிக்கவில்லை. ஆனால் நடுவில் வார்த்தை மறந்தபோது "மன்னிக்கவும், முதலிலிருந்து பாடலாமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். கேட்டதும் பியானோ முதலிலிருந்து தொடங்கியது. யாரும் சிரிக்கவில்லை, மைக்கை வாங்கவில்லை. மறப்பது இவ்வளவு லேசான காரியமா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரை ஒருவர் மூன்று விதமாக உச்சரித்த பிறகுதான் கூப்பிட்டது என்னை என்று புரிந்தது.

பியானோவில் வெள்ளை முடி அம்மாள் ஒருவர். தாளை நீட்டினேன். அதிலிருப்பது பி-ஃபிளாட், அதிலேயே பாடுகிறீர்களா என்றார். நான் "ஒன்றரைக் கட்டை" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், அதனால் இன்னும் மோசமாக இருந்தது. ஒன்றரை என்ன என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் பியானோ அருகே போய் முதல் கறுப்புக் கட்டையைத் தொட்டுக் காட்டினேன். ஹார்மோனியத்தில் விரல் வைக்கிற அதே இடம். அவர் முகம் மலர்ந்தது. "ஓ, டி-ஃபிளாட்! சரி" என்று தாளைத் தள்ளிவைத்துவிட்டு, அச்சில் இல்லாத சுருதியில் அப்படியே வாசிக்கத் தொடங்கிவிட்டார். எங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் பின்பாட்டு ஆர்மோனியக்காரர் செய்வது இதுதான். அவருக்கு இரண்டு கை கூப்பியிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை.

அடுத்த சங்கடம் உடனே வந்தது. பியானோ நாலு பார் வாசித்தது. நான் நின்றேன். இன்னும் நாலு பார் வாசித்தது. நான் நின்றேன். நம் பக்கத்தில் பாடுகிறவன் தொடங்க, வாத்தியம் பின்னால் வரும். இங்கே வாத்தியம் தொடங்கிவிட்டுப் போகிறது, நாம்தான் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். ஓடுகிற பஸ். மூன்றாம் முறை அந்த அம்மாள் தலையை ஆட்டினார். ஏறிக்கொண்டேன்.

மேல் ரிஷபத்துக்குத் தாவியபோது குரல் நடுங்கியது. உடையவில்லை. பதினாலு வயதில் உடைந்தது திரும்ப உடைவதில்லை போலிருக்கிறது. கடைசி ஸ்வரத்தில் நின்றபோது பழக்க தோஷம், ஒரு கமகம் போட்டுவிட்டேன். டைரக்டர் நிமிர்ந்தார். நாற்பது வயதிருக்கும், குதிரைவால் கொண்டை. "அழகாக இருக்கிறது. இன்னொரு முறை பாடுங்கள், கடைசியில் அசையாமல் நேராகப் பிடியுங்கள். பிறகு அதையே, கோபமாக இருப்பவர் பாடுவது போலப் பாடுங்கள்." எடல்வைஸைக் கோபமாகப் பாடுவதா? பாடினேன். பேங்கில் செக் திரும்பி வந்தவரிடம் பேசுகிற குரலில் பாடினேன். ஆடிஷனில் திரும்பப் பாடச் சொல்வது பாட்டு சரியில்லை என்பதற்காக இல்லையாம். சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொள்கிற ஆளா என்று பார்ப்பதற்காம். காரில் திரும்பும்போது எதிர்வீட்டு அம்மா சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

நடனத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. சட்டையில் எண் ஒட்டினார்கள். நான் 27. நடனம் அமைப்பவர் எட்டு எண்ணிக்கையாக நான்கு துண்டு சொல்லிக்கொடுத்தார். ஒரு காலைக் குறுக்கே வைத்து, பின்னால் போய், பக்கத்தில் வந்து, முன்னால் வைத்தால் தரையில் ஒரு சதுரம். பக்கவாட்டில் கால் மாற்றி மாற்றிப் போவதற்குத் திராட்சைக்கொடி என்று பெயராம். கொடி எனக்குக் காலில் சுற்றிக்கொண்டது. நல்ல வழக்கம் ஒன்று: ஒவ்வொரு சுற்றுக்கும் முன்வரிசை பின்னால் போக, பின்வரிசை முன்னால் வர வேண்டும். ஒளிய முடியாது. நான் ஆங்கில எண்களை விட்டுவிட்டு மனதுக்குள் தகதிமி தகஜுணு என்று சொல்லிப் பார்த்தேன். கால் தப்பியது, காலப்பிரமாணம் தப்பவில்லை.

பிறகு வாசிப்பு. தயார் செய்யாத தாளைக் கையில் கொடுத்து உடனே நடிக்கச் சொல்வார்கள். ஆண்கள் ஆறு பேர், இங்கேயும் ஒரு பல் டாக்டர், ஒரு தபால்காரர். எங்களுக்குக் கொடுத்தது நாடகத்தின் முதல் காட்சி. 'தி மியூசிக் மேன்' ஒரு ரயில் பெட்டியில்தான் தொடங்குகிறது. ஊர் ஊராகப் போய் விற்கும் சேல்ஸ்மேன்கள் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். வாத்தியம் கிடையாது. ராகம் கிடையாது. ரயிலின் ஓட்டம்தான் தாளம். வண்டி நகர, வேகமெடுக்க, நிற்க, பேச்சும் அப்படியே நகர்ந்து வேகமெடுத்து நிற்கிறது. 1957-இல் பிராட்வேயில் ஒரு மியூசிக்கலைப் பாட்டே இல்லாமல் தொடங்கத் துணிந்திருக்கிறார்கள். தாளைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியதென்றால், இது சொற்கட்டு. அர்த்தத்தை விட்டுவிட்டேன். வாயில் ஜதி வருகிற மாதிரி விழவிட்டேன். இரண்டாம் காலத்தில் மற்றவர்கள் தடுக்கி விழுந்தார்கள், நான் விழவில்லை. டைரக்டர் பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார்.

காரில் ஏறிய பிறகு மனதில் இருந்ததை எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். 1912-இல் அயோவாவில் நடக்கிற கதை. அந்த ரயிலில் என் நிறத்தில், என் மீசையில் ஒரு சேல்ஸ்மேன் இருந்திருப்பானா? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் காரை ஓட்டினார். "அந்த ரயிலில் பல் டாக்டரும் தபால்காரரும் இருந்திருக்க மாட்டார்கள்" என்றார். முழுப் பதில் இல்லை. ஆனாலும் போதுமானதாக இருந்தது.

முடிவு சொல்ல நான்கு நாள். வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்காமல் மகள் காரை எடுத்தாள். "மேசன் சிட்டிக்குப் போலாம்ப்பா, அந்த நாடகத்த எழுதினவரு ஊரு." கிழக்கே டி மாய்ன் வரை போய், வடக்கே திரும்பி, நான்கு மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் சோளம், காற்றாலை, தானியக் குதிர். மனைவி கட்டிக்கொண்டுவந்த புளியோதரையை ஒரு ஓய்விடத்தில் சாப்பிட்டோம்.

மெரடித் வில்சன் 1902-இல் மேசன் சிட்டியில் பிறந்தவர். நாடகத்தில் வரும் ரிவர் சிட்டி இந்த ஊரின் சாயல்தான். அவர் பிறந்து வளர்ந்த வீட்டைப் பாதுகாக்கிறார்கள். பக்கத்திலேயே மியூசிக் மேன் ஸ்கொயர் என்ற கட்டடம். உள்ளே 1962-இல் வந்த படத்தின் தெருவை அப்படியே கட்டிவைத்திருக்கிறார்கள். மிட்டாய்க்கடை, முடிதிருத்தகம், எல்லாம் உண்டு. அந்தப் பொய்த்தெருவில் நடந்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வெளியே வில்லோ ஓடையின் மேல் ஒரு நடைபாலம் இருக்கிறது, வில்சன் பெயரில். அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

நாடகத்தின் கதையை மனைவிக்குச் சொன்னேன். ஹெரால்ட் ஹில் என்று ஒரு எத்தன். ஒரு ஸ்வரம்கூடத் தெரியாது. ஊர்ப் பிள்ளைகளுக்கு பேண்டு வாத்தியக் குழு அமைத்துத் தருகிறேன் என்று சொல்லி வாத்தியமும் சீருடையும் விற்கிறான். எப்படிச் சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்டால், பாட்டை மனதில் நினைத்துக்கொண்டே இருங்கள், தானாக வரும் என்கிறான். பணத்தோடு ஓடுவதாக இருந்தவன் நூலகம் நடத்தும் பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்து மாட்டிக்கொள்கிறான். கடைசியில் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். காது கொடுத்துக் கேட்க முடியாது. பெற்றவர்களோ 'அதோ என் பையன்' என்று பூரித்துப்போகிறார்கள்.

"நெனச்சா வந்துருமாக்கும்" என்றாள் மனைவி.

"ராபர்ட் பிரெஸ்டன்னு ஒரு நடிகர். முப்பத்தொன்பது வயசு வரைக்கும் எந்த மியூசிக்கல்லயும் நடிச்சதில்ல. குதிரை, துப்பாக்கின்னு சினிமாவுல துணை வேஷம் கட்டிக்கிட்டிருந்தவரு. அவரத்தான் ஹெரால்ட் ஹில்லாப் போட்டாங்க. டோனி விருது வாங்கிட்டாரு."

"அவரு நடிகரு. நீங்க கேஷியர்."

"ஹெட் கேஷியர்" என்றேன். அவள் ஓடையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

திரும்பும் வழியில், டி மாய்ன் தாண்டி, மகளின் போனில் பட்டியல் வந்தது. ஓரமாக வண்டியை நிறுத்தி விரலால் நகர்த்தினாள். ஹெரால்ட் ஹில்லாக யாரோ. நூலகப் பெண்ணாக அந்தச் செவிலியர்! நகர்ந்து நகர்ந்து கடைசி வரிக்கு வந்தது. குழுவினர், சேல்ஸ்மேன் 4. என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. பேத்தி பின்சீட்டிலிருந்து கைதட்டினாள். மீசையைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. 1912-இல் மீசை சகஜம் என்று பிறகு சொன்னார்கள்.

முதல் ஒத்திகையில் ஒரு வார்த்தையை எனக்கு வசதியாக மாற்றிப் பேசிவிட்டேன். உரிமம் வாங்கிய நாடகத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று மேடை மேலாளர் பணிவாகச் சொன்னார். முன்பின் ஒத்திகை பார்க்காமல், வெவ்வேறு ஊரிலிருந்து வந்து மேடையிலேயே சந்தித்து விடிய விடிய வாதாடும் வள்ளியையும் நாரதரையும் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சிறை மாதிரி இருந்தது. பழகிக்கொண்டேன்.

ரயில் காட்சிக்கு மட்டும் தனியாக ஒரு மாலை. ஆறு நாற்காலி, இரண்டு வரிசை. ரயில் இல்லை, நாங்கள் குலுங்கினால்தான் ரயில். டைரக்டர் கைதட்டித் தாளம் கொடுத்தார். மற்ற ஐந்து பேரும் மேலும் கீழுமாகக் குலுங்கினார்கள். நடுவில் அவர் நிறுத்தினார்.

"சேல்ஸ்மேன் 4, நீங்கள் ஏன் பக்கவாட்டில் ஆடுகிறீர்கள்?"

கவனித்துப் பார்த்தேன். ஆமாம், ஆடிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. போடியிலிருந்து மதுரைக்கு ஒரு மீட்டர் கேஜ் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. குறுகிய தண்டவாளம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கும்போது பெட்டி தொட்டில் மாதிரி இடமும் வலமும் சாயும். வேலை கிடைத்த புதிதில் வாரம் இரண்டு முறை அதில் போய் வந்தவன். எதிர்ப்பலகைக்காரரின் முழங்காலில் இடித்துக்கொள்ளாமல் உட்காரத் தெரிந்தவன். அதையெல்லாம் அவர்களுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் ஊர் ரயில் இப்படித்தான் போகும் என்று மட்டும் சொன்னேன்.

டைரக்டர் என்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார்.

"எல்லோரும் அவரைப் போல ஆடிப் பாருங்கள்" என்றார்.

பல் டாக்டர் இடது பக்கம் சாய்ந்தார். தபால்காரர் என் தோளில் இடித்தார். "சாரி" என்றார். அந்த வண்டியில் யாரும் சாரி சொல்ல மாட்டார்கள் என்றேன். மறுபடி கைதட்டல் கேட்டது. வண்டி கிளம்பியது.